இருபக்கமும் இடி வாங்கிய விமானம்

நீரிலும் நிலத்திலும் இறங்கும் குட்டி விமானம். இரண்டு பேர் உட்காரலாம். இறக்கையை மடித்து, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய் வீட்டு ஷெட்டில் நிறுத்தலாம். கேட்கவே இனிக்கிறது அல்லவா? அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஐகான் நிறுவனம் 'ஏ-5' என்ற பெயரில் இதைச் செய்தும் காட்டியது. ஆனால் 2024 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஏன் இப்படி ஆயிற்று?

2004-ல் அமெரிக்க அரசு இலகு விமானங்களுக்குத் தனி விதி வகுத்தது. குறைந்த பயிற்சியில் உரிமம் பெறலாம். ஆனால் நீரில் இறங்கும் விமானத்தின் எடை 650 கிலோவைத் தாண்டக்கூடாது என்றது அன்றைய விதி. இதை நம்பி 2006-ல் ஐகான் தொடங்கப்பட்டது. 2008-ல் முன்மாதிரி பறந்தது. விலை 1,39,000 டாலர் என்றார்கள். 2010-ல் கைக்கு வரும் என்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டினார்கள்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இருபக்கமும் இடி. இந்த விமானத்தின் நிலையும் அதுதான். தரையில் இறங்கச் சக்கரம் வேண்டும்; நீரில் இறங்கும்போது அதே சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தால் விமானம் குப்புறக் கவிழும். ஆகவே சக்கரத்தை உள்ளே இழுக்கும் பொறி வேண்டும். அடிப்பாகம் படகாகவும் இருக்க வேண்டும். உப்புநீர் பட்டால் உலோகம் அரிக்கும். இவை ஒவ்வொன்றும் எடை, ஒவ்வொன்றும் செலவு.

வேகம் குறைந்து, விமானம் பம்பரமாய்ச் சுழன்று விழாதபடி இறக்கையை அமைத்தார்கள். அவசரத்துக்கு பாரசூட்டும் வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எடை வரம்பை மீறியது. 2013-ல் அரசிடம் விலக்குக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. முதல் விமானம் ஒப்படைக்கப்பட்டது 2015-ல். 2017-ல் விலை 3,89,000 டாலர்! சொன்ன விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. முன்பணம் கட்டியவன் என்ன செய்வான்?

அதே 2017-ல் உயிர்களும் போயின. மே மாதம், விமானத்தை வடிவமைத்த தலைமைப் பொறியாளரே ஏரியோர மலைப் பள்ளத்தாக்கில் தாழப் பறந்து, உடன் வந்தவரோடு மாண்டார். நவம்பரில் பிரபல பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே கடலில் விழுந்து இறந்தார். இரண்டிலும் தாழப் பறந்ததே வினையாயிற்று. சுழலாத இறக்கையும் பாரசூட்டும் இருந்தும் பயனில்லை. தண்ணீரை ஒட்டிப் பறப்பவனுக்குத் தவறைத் திருத்த உயரமும் இல்லை, நேரமும் இல்லை. 'பத்திரமான விமானம்' என்ற விளம்பரம் மனிதனைக் கவனமற்றவனாக்கினால் அதுவே ஆபத்து.

நமக்கு இதனால் என்ன? அகமதாபாத்தில் வாழும் தமிழர்கள் அறிவார்கள். 2020 அக்டோபர் 31-ல் சபர்மதி ஆற்றுக்கும் கேவடியாவுக்கும் இடையே நீர் விமானம் ஆரவாரமாகப் பறக்கத் தொடங்கியது. மாலத்தீவிலிருந்து வந்த விமானம் அது. 2021 ஏப்ரலில் நின்றுபோயிற்று. வெளிநாட்டுப் பதிவு விமானம், நடத்தும் செலவு அதிகம் என்று 2023-ல் மாநில அரசே சட்டசபையில் கூறியது.

சொந்தமாகச் செய்தால் என்ன? பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் 'ஹன்சா' என்ற இரண்டு இருக்கை விமானத்தை 1993-லேயே பறக்கவிட்டது. திறமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. வெள்ளத்தில் தவிக்கும் ஊருக்கும், தீவு நோயாளிக்கும் நீரில் இறங்கும் விமானம் உதவும். அதற்காகச் செய்யட்டும், வரவேற்போம்.

ஆனால் விமானம் தயாராகுமுன் விலையையும் தேதியையும் தண்டோரா போட வேண்டாம். பழுது பார்க்க ஆளும் பட்டறையும் உள்ளூரில் இருக்கட்டும். விமானிக்குக் கடுமையான பயிற்சி கொடுக்கட்டும். பந்தல் போட்டு விழா எடுப்பது அதற்குப் பிறகு போதும். ரயிலில் ஏறும் ஏழை கேட்பது இரண்டே கேள்வி: கட்டணம் எவ்வளவு? பத்திரமாய்ப் போய்ச் சேருமா? நீரில் இறங்கும் விமானத்துக்கும் அதே கேள்விகள்தான்.