கேஷ்பேக் என்னும் வரவு

மாதம் 30,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் செலவழித்தால், 1 சதவீத கேஷ்பேக்காக 300 ரூபாய் வரும். வட்டியில்லாத 45 நாளும் பணம் முழுதாகச் சேமிப்புக் கணக்கில் கிடந்தாலும், 3 சதவீதக் கணக்கில் 111 ரூபாய்தான். ஒரே ஒரு மாதம் ‘மினிமம் டியூ’ 5 சதவீதத்தை மட்டும் கட்டிப் பாருங்கள்: மிச்சம் 28,500 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீத வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக ஏறக்குறைய 1,177 ரூபாய். கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பாத்தியம் போச்சு. புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. “நான் தவறாமல் முழுசாகக் கட்டுகிறவன்” என்பவருக்கு லாபம் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் வங்கி அதைத் தன் கையிலிருந்தா தருகிறது? கடைக்காரர் கட்டும் கட்டணமும், பில் கட்ட முடியாமல் திணறுகிறவரின் வட்டியும்தான் அது. ஆட்டோபேயில் ‘டோட்டல் டியூ’வைத் தேர்ந்தெடுக்காதவர்கள் இந்த ஆட்டத்துக்கே வர வேண்டாம்.