சித்திரத்திற்கு முன் சுவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் நம் முன்னோர்கள். கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கப் புறப்படும் மாணவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறோம். கதாநாயகன் எப்படிக் குதிப்பான், எதிரி எத்தனை அடியில் வீழ்வான் என்றெல்லாம் இரவு முழுக்கப் பேசுகிறோம். ஆனால், அவனைத் திரையில் வரைந்து காட்டும் நிரலகத்தை, அதாவது 'லைப்ரரி'யை, யார் எப்படி வடிவமைத்தார்கள் என்று கேட்பதில்லை. அந்தச் சுவரில் விரிசல் இருந்தால் சித்திரமும் சிதையும். அதிலும், தமிழ்ச் சித்திரம்தான் முதலில் சிதைகிறது என்பதே என் கருத்து.

பொருள்நோக்கு நிரலாக்கமும் வரைதலும் பிறவியிலேயே உறவினர்கள். 1963இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' இதற்குச் சான்று. அதில் ஒரு மூல வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதன் பிரதிகளைத் திரையில் பல இடங்களில் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் அனைத்தும் மாறும். இன்று நாம் 'வகுப்பு' என்றும் 'பொருள்' என்றும் பாடத்தில் படிக்கும் சிந்தனையின் முன்னோடி இது.

இவ்வளவு நெருங்கிய உறவு இருந்தும் நாம் எங்கே தவறுகிறோம்? முதல் தவறு மரபுரிமை மோகம். 'படம்' என்றொரு வகுப்பு, அதிலிருந்து 'எதிரி', அதிலிருந்து 'பறக்கும் எதிரி', அப்புறம் 'பறந்துகொண்டே சுடும் எதிரி'. மூன்றாம் வாரத்தில் 'நடந்துகொண்டே சுடும் எதிரி' தேவைப்படும்போது குடும்ப மரம் சிக்கலாகிறது. 1994இல் வெளிவந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலின் நான்கு ஆசிரியர்களும் மரபுரிமையைவிடப் பொருள்களை ஒன்றோடொன்று சேர்த்து அமைப்பதையே விரும்பச் சொன்னார்கள். எதிரி ஒரு படம் அல்ல. எதிரியிடம் ஒரு படம் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டாவது தவறு, ஒவ்வொரு பொருளும் தன்னைத் தானே நேரடியாகத் திரையில் வரைந்துகொள்ளும்படி விடுவது. பார்ப்பதற்கு அழகான வடிவமைப்புத்தான். ஆனால், வரைகலைச் செயலிக்குத் தனித்தனியாகக் கட்டளை அனுப்புவதற்கு ஒரு செலவு உண்டு. ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்திற்கு மாறுவதற்கும் செலவு உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'எக்ஸ்.என்.ஏ.' கருவித்தொகுப்பில் 'ஸ்பிரைட்பேட்ச்' என்ற வகுப்பு இதற்காகவே இருந்தது. தொடங்கு, வரை, முடி என்று மூன்று படிகள். நடுவில் வரும் வேண்டுகோள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரே படத்தைப் பயன்படுத்துபவற்றை ஒன்றாக அனுப்பும். எதை வரைவது என்பதைப் பொருள் சொல்கிறது. எப்போது, எந்த வரிசையில் என்பதை வரைவாளர் முடிவு செய்கிறார். பைகேமிலும் இதே பிரிவினை வேறு உருவில் உண்டு. அங்கே ஸ்பிரைட்டிடம் படமும் செவ்வகமும் மட்டுமே இருக்கும். அவற்றைத் திரையில் பதிப்பது அந்த ஸ்பிரைட்டுகளின் குழு.

நினைவகக் கணக்கையும் பாருங்கள். 256க்கு 256 படப்புள்ளிகள் கொண்ட ஒரு தென்னை மரப் படம், புள்ளிக்கு 4 பைட் வீதம் 256 கிலோபைட் பிடிக்கும். 100 மரங்களும் ஆளுக்கொரு படம் வைத்துக்கொண்டால் 25 மெகாபைட். எல்லா மரங்களும் ஒரே படத்தைப் பகிர்ந்துகொண்டு, இருக்குமிடத்தை மட்டும் தனித்தனியே வைத்துக்கொண்டால் அதே தோப்பு 256 கிலோபைட்டை ஒட்டியே அடங்கிவிடும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். இனி வருவது நமக்கு மட்டும் வலிக்கும் இடம். பெரும்பாலான விளையாட்டு நிரலகங்களில் எழுத்து வரைவது கடைசி நாளில் ஒட்டவைத்த திண்ணை. சரத்தை எடு, முதல் குறியீட்டுக்குரிய படத்தை வரை, அதன் அகலம் நகர், அடுத்ததை வரை. ஆங்கிலத்திற்கு இது ஏறக்குறையப் போதும். தமிழுக்கு? 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 3 எழுத்துகள். யூனிகோடில் 5 குறியீடுகள். 'கொ' என்பதில் ககரத்திற்குப் பின் ஒரே ஓர் உயிர்க்குறிதான் சேமிக்கப்படுகிறது. ஆனால் திரையில் அதன் ஒரு பாதி ககரத்திற்கு முன்னும் மறுபாதி பின்னும் வரவேண்டும். எளிய சுழற்சி ஒன்றால் இதைச் செய்ய முடியாது.

எக்ஸ்.என்.ஏ.யின் எழுத்துருக் கோப்பில் இயல்பாக இடம்பெற்ற குறியீடுகள் 32 முதல் 126 வரை மட்டுமே. தமிழுக்குரிய 2944 முதல் 3071 வரையிலானவற்றை நாமே சேர்த்தாலும், குறிகள் இடம் மாறி நிற்கும். எஸ்.டி.எல். நிரலகம் 1998இல் வெளிவந்தது. அதன் எழுத்து வரையும் துணை நிரலகம், சிக்கலான எழுத்துகளை முறைப்படி அமைக்கும் 'ஹார்ஃப்பஸ்'ஸோடு இணைந்து வெளிவந்தது 2022இல்தான். இந்த இடைவெளிக்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. வடிவமைத்தவர்கள் முன்னால் தமிழ் இல்லை, அவ்வளவுதான்.

"சொற்களைப் படமாக ஒட்டிவிட்டால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தலைப்புக்கும் பாலர் பள்ளிக்கான எழுத்து விளையாட்டுக்கும் அது போதும். 247 எழுத்துகளையும் படமாக வரைந்து அடுக்கிவிடலாம். ஆனால், விளையாடுபவர் தம் பெயரைத் தட்டெழுதும்போது என்ன செய்வது? உரையாடலைத் திருத்தினால் ஒவ்வொரு முறையும் படம் வரைவதா? இந்தப் பாதையில் நம் சமூகம் ஏற்கெனவே நடந்து களைத்திருக்கிறது. எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை என்று 1990களில் தமிழ்க் கோப்புகள் ஒன்றையொன்று படிக்க முடியாமல் தவித்தன. 1997இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடியபோது, பொதுக் குறியீடு முக்கிய விவாதமாக இருந்தது. நம் மூத்தோர் அடைத்த குழியை நாம் மறுபடி தோண்டலாமா?

தீர்வு பொருள்நோக்கு வடிவமைப்பிலேயே இருக்கிறது. 'உரை' என்பதை வெறும் சரமாகக் கருதாமல் முழுத் தகுதியுள்ள பொருளாக்குங்கள். அது சரத்தையும் எழுத்துருவையும் பெற்று, அமைக்கும் பொறியிடம் ஒருமுறை கொடுத்து, எந்த உருவம் எந்த இடத்தில் என்ற பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். உரை மாறினால் மட்டும் மறுபடி அமைத்தால் போதும். நொடிக்கு 60 முறை அமைக்கத் தேவையில்லை. பட்டியல் கையில் கிடைத்தபின் அதை வரைவது மரத்தை வரைவது போலத்தான். வரைவாளருக்கு மொழி தெரிய வேண்டியதில்லை. அரபுக்கும் இந்திக்கும் இதே கதவு திறக்கும்.

இன்னொன்றும் உண்டு. உரையாடல்களை எழுத்தெழுத்தாகத் தோன்றவைக்கும் உத்தியைப் பல விளையாட்டுகளில் பார்த்திருப்பீர்கள். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் 'தமிழ்' என்பது த, தம, தமி, தமிழ, தமிழ் என்று நெளிந்து நெளிந்து வரும். எழுத்துக் கணக்கில் நகர்ந்தால் மூன்றே படிகள். உரைப்பொருளே எழுத்து எல்லைகளைச் சொல்லும்படி அமைத்தால், விளையாட்டை எழுதுபவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 'க்ஷ' போன்ற கூட்டெழுத்துகளுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை.

எனவே, கணினித் துறையில் பயிலும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டத்திற்கு இன்னொரு விளையாட்டைச் செய்வதற்குப் பதிலாக, ஒருவராவது அதன் அடியிலுள்ள வரைகலை நிரலகத்தைச் செய்யுங்கள். திறந்த மூல நிரலகம் ஒன்றைப் பயன்படுத்தினால், முதல் சோதனையாக 'கொ' என்று வரையச் சொல்லிப் பாருங்கள். சிதைந்தால் முறையாகப் பிழையறிக்கை அனுப்புங்கள். முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். மொழித் துறை நண்பர்களே, எழுத்து என்றால் என்ன என்று கணினி மாணவருக்கு விளக்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? தமிழில் விளையாட்டு வேண்டும் என்று மேடையில் கேட்பது எளிது. அதைத் தாங்கும் சுவரை எழுப்புவது கொஞ்சம் கடினம். அந்தக் கடினமான வேலையை யாராவது செய்வார்கள் என்று காத்திருந்தது போதும்.