பலகார டப்பாவைப் பூட்டாதீர்கள்!

"ஆச்சி, பேசாம அவளைக் கூட்டிக்கிட்டு வந்துரலாமான்னு இருக்கு."

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பெண்மணி, போன வருஷம் கல்லூரி திறந்த மூன்றாவது வாரம், என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து இப்படிச் சொன்னார். மகளைக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மகளிடமிருந்து போன். பேச்சைவிட அழுகைதான் அதிகம். "சாப்பாடு இறங்கலம்மா. ரூம்ல யாரும் என்கூடப் பேச மாட்டேங்கிறாங்க. நம்ம ஊர்லயே ஏதாவது காலேஜ்ல சேர்த்து விட்டுரும்மா."

அந்த வீட்டில் வெளியூர் போய்ப் படிக்கும் முதல் பெண் அவள். அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத்தான் ஹாஸ்டலுக்குப் பணம் கட்டியிருந்தார்கள். "பணம் போனாப் போகுது ஆச்சி. புள்ள அழுகுறதைக் கேட்டுட்டு எப்படிச் சோறு திங்கிறது?" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே மாதிரிக் கேள்விக்கு ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொல்லித் தப்புச் செய்தவள் நான். அதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு, "ராத்திரி அவ போன் பண்ணும்போது நானும் பேசுறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ரங்கூனில் ஒரு ஹாஸ்டல்

ஊரை விட்டுப் போய், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பது நம் செட்டிநாட்டுக்குப் புதுசா என்ன?

என் ஐயா (அப்பாவின் அப்பா) பதினைந்து வயதில் கப்பலேறி ரங்கூன் போனவர். அங்கே மொகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டங்கி என்றால் தெரியாது. நீளமான ஒரு கூடம். பல கடைக்காரர்கள் அதில் வரிசையாக ஆளுக்கொரு இடம் பிடித்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கணக்கு எழுத ஒரு மேசை, ஒரு பெட்டகம். பகலில் அங்கேயே கொடுக்கல் வாங்கல். ராத்திரி அங்கேயே பாயை விரித்துப் படுக்கை. சாப்பாடு பொதுச் சமையல். பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இதே ஏற்பாடுதான்.

சின்ன வயதில் போனால் முதலில் பெட்டியடிப் பையன். பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகு மேலாள். போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. அது முடிந்த பிறகுதான் ஊர். இன்றைய டிகிரிக்கும் அதே மூன்று வருஷம்தான், கவனித்தீர்களா?

ஐயா சொல்வார்: "கணக்கு எழுதறதை யாரும் கத்துக்கலாம். பக்கத்துப் பாய்க்காரன் குறட்டையோட தூங்கக் கத்துக்கிட்டதுதான் எனக்கு அங்க கிடைச்ச படிப்பு." முதல் மாதம் போர்வைக்குள் அழுததையும் அப்பத்தாவிடம் சொல்லியிருக்கிறார்.

பின்னாளில் நம் ஊர் வெளியூர்ப் பிள்ளைகளை வரவேற்கவும் தொடங்கியது. கோட்டையூரில் 1909-இல் பிறந்த வள்ளல் அழகப்பர், சென்னையிலும் லண்டனிலும் போய்ப் படித்தவர். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். இன்றைக்கு ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே ஹாஸ்டலில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். எந்த ஊரானாலும் முதல் மாத அழுகை ஒன்றுதான்.

எறும்பு செய்த உதவி

ராத்திரி அந்தப் பெண்ணிடம் பேசினேன். "அம்மா சீப்புச் சீடையும் மாவுருண்டையும் செஞ்சு குடுத்தாளே, டப்பா எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேன் ஆச்சி. எல்லாரும் தூங்கினப்புறம் ஒண்ணு ரெண்டு எடுத்துச் சாப்பிடுவேன்."

"ஏண்டியம்மா, ரூம்ல இருக்கிறவங்களுக்குக் குடுக்கலையா?"

"குடுத்தாத் தீர்ந்துருமே ஆச்சி. அது தீர்ந்துட்டா வீடே தீர்ந்து போன மாதிரி இருக்கும்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனாலும், "நாளைக்குச் சாயங்காலம் டப்பாவைத் திறந்து நடுவுல வச்சிரு" என்றேன். அவள் திறப்பதற்குள் எறும்பு முந்திக்கொண்டது! மறுநாள் காலையில் அவள் பெட்டியிலிருந்து பக்கத்துக் கட்டில் வரை சாரை சாரையாக எறும்பு. "யார் பெட்டிலேர்ந்து வருது?" என்று மூன்று பேரும் சேர்ந்து தேடி, கடைசியில் டப்பா வெளியே வந்தது. "இது என்ன சீப்பு மாதிரி வரி வரியா இருக்கு?" என்று கேட்டாளாம் திருவண்ணாமலைப் பெண். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. "நீதான் யார்கூடவும் பேச மாட்டேன்னு நாங்க நினைச்சோம்" என்றாளாம் நாகர்கோவில் பெண்.

'என்னோடு யாரும் பேசவில்லை' என்று ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம் ஹாஸ்டல். யாராவது ஒருவர் முதலில் டப்பாவைத் திறக்க வேண்டும். பணத்துக்கும் சர்டிபிகேட்டுக்கும் பூட்டுப் போடுங்கள் பிள்ளைகளே. பலகாரத்துக்கு வேண்டாம்.

மெஸ் பில்லைப் படியுங்கள்

ஹாஸ்டல் என்றாலே சாப்பாட்டுப் புலம்பல்தான். புலம்புவதைவிட, அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது பிரயோஜனம்.

நிறைய ஹாஸ்டல்களில் 'டிவைடிங்' முறை. அந்த மாதம் அரிசி, காய்கறி, பால், கேஸ், சமையலாள் சம்பளம் என்று ஆன மொத்தச் செலவை, எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். ஒரு பேச்சுக்கு, செலவு 6 லட்சம் ரூபாய், மொத்தம் 5,000 நாள் என்றால் ஒரு நாளைக்கு 120 ரூபாய். நீங்கள் 26 நாள் இருந்தால் 3,120 ரூபாய். ஊருக்குப் போகும் நாட்களைக் கழிக்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை நாளுக்குக் குறைந்தால் கழிக்க மாட்டார்கள் என்பது ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் மாறும். முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 200 பேர் ஆளுக்கு ஒரு பிடி, 50 கிராம் சோற்றைக் கொட்டினால் தினமும் 10 கிலோ சோறு குப்பைக்குப் போகிறது. அதுவும் உங்கள் பில்லில்தான் ஏறுகிறது. மெஸ் கமிட்டிக்கு ஆள் கேட்டால் ஒதுங்காமல் பெயர் கொடுங்கள். 200 பேருக்கு மார்க்கெட்டில் காய் வாங்கிப் பழகியவருக்கு, நாளைக்கு எந்த ஆபீஸிலும் பட்ஜெட் போடப் பயம் இருக்காது.

அறைக்குள் நாலு பேச்சு

சண்டை வந்த பிறகு பேசுவதைவிட, வருவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. லைட்டை எத்தனை மணிக்கு அணைப்பது? விடியற்காலை அலாரம் அடித்தால் யார் எழுந்து நிறுத்துவது? போனில் பேசுவது அறையிலா, வராந்தாவிலா? சோப்பு, சார்ஜர், துணி இவற்றில் எதைக் கேட்காமல் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது? இந்த நாலையும் முதல் வாரத்திலேயே சிரித்துக்கொண்டே பேசிவிட்டால், பாதிச் சண்டை வராது.

அடுத்தது வார விடுமுறை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை விடியலில் காரைக்குடி. வாராவாரம் இப்படி ஓடி வரும் பிள்ளைக்கு ஹாஸ்டல் கடைசி வரை பஸ் ஸ்டாண்டு மாதிரிதான் இருக்கும். சனி, ஞாயிறில்தான் துணி துவைக்கும் இடத்திலும் டீக்கடையிலும் சிநேகிதம் ஏற்படுகிறது. முதல் ஆறு வாரத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ வந்தால் போதும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். மூன்று வேளையும் வீடியோ காலில் "என்ன சாப்பிட்ட?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

நகையை அடகு வைக்கும் முன் விசாரிக்க வேண்டியவையும் உண்டு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு அரசு நடத்தும் கல்லூரி விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் அறிவித்தார்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

நான் செய்த தப்பு

இப்போது என் கதை. என் தங்கை மகன் வெளியூரில் இன்ஜினீயரிங் சேர்ந்தான். ஹாஸ்டல். முதல் மாதம் எனக்குப் போன் செய்து, "எனக்கு இங்க பிடிக்கலை பெரியம்மா" என்றான். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. "ஐயா பதினஞ்சு வயசுல ரங்கூன்ல இருந்தாரு. நீ இருக்க மாட்டியா? பொறுத்துக்கப்பா" என்றேன். அதற்குப் பிறகு அவன் போன் செய்யவில்லை. பழகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

செமஸ்டர் லீவில் வந்தவனைப் பார்த்தால் பாதி உடம்பு இல்லை. சீனியர்கள் ராத்திரி இரண்டு மணி வரை அவர்களுடைய ரெக்கார்டு நோட்டை எழுத வைத்திருக்கிறார்கள். பணத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். கன்னத்தில் அறைந்திருக்கிறார்கள். அவனுக்கு ஒரு வருஷம் போயிற்று. இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால், மனசில் இருப்பதை என்னிடம் சொல்வதில்லை. என் ஐயா கதையை வைத்தே அவன் வாயை அடைத்துவிட்டேன்.

பழகிக்கொள்வது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு. சாப்பாடு காரம், கொசு, குறட்டை, வீட்டு ஞாபகம் இதெல்லாம் பழகும். அடி, மிரட்டல், பணப் பறிப்பு, தப்பான தொடுகை இதெல்லாம் பழக வேண்டியவையே அல்ல. பிள்ளை 'பிடிக்கலை' என்று சொன்னால், உடனே தைரியம் சொல்லாதீர்கள். "யாராவது உன்னை ஏதாவது செய்யச் சொல்றாங்களா? பணம் கேக்குறாங்களா? அடிக்கிறாங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்து, வகுப்புக்குப் போகாமல், பேச்சும் நின்று போனால் போனில் விசாரித்துக்கொண்டிருக்காமல் நேரில் போய்ப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. யு.ஜி.சி.யின் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. எந்த நேரமும் பேசலாம். மனசு ரொம்பச் சோர்ந்து போனால் டெலி மனாஸ் எண் 14416; தமிழிலேயே பேசுவார்கள். இரண்டையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள். தேவைப்படாமலே போகட்டும்.

அந்தப் பெண்ணிடமும் முதலில் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் டப்பாவைப் பற்றிப் பேசினேன்.

தீபாவளிக்கு வந்தவள், திரும்பிப் போகும்போது அம்மாவிடம் மூன்று டப்பா கேட்டாளாம். "மூணு எதுக்குடி?" என்றதற்கு, "ஒண்ணு ரூமுக்கு, ஒண்ணு மெஸ் அக்காவுக்கு. இன்னொண்ணு திருவண்ணாமலைக்காரிக்கு. அவளுக்கு வீட்டுல செஞ்சு அனுப்ப ஆள் இல்லம்மா" என்றாளாம்.

சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. "பொங்கலுக்குள்ள மீட்டுரலாம் ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே, அன்றைக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாவுருண்டை பிடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. நானும் கூட உட்கார்ந்து பிடித்தேன்.