இரட்டை விசிறி மாட்டினால் கம்ப்யூட்டர் குளிருமா?

திருவண்ணாமலை அக்கினித் தலம். பஞ்ச பூதங்களில் நெருப்புக்கு உரிய ஊர். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது சித்திரை, வைகாசி மாதங்களில் ஊராருக்குத் தெரியும்! வெயில் 40 டிகிரியைத் தொடும். பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை, பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும்.

மனிதன் நிழலுக்கு ஒதுங்குவான். மாடு மரத்தடிக்குப் போகும். கம்ப்யூட்டர் எங்கே போகும்?

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் கடைகளைப் பாருங்கள். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் இரவு பகல் வேலை. நடுவில் கம்ப்யூட்டர் ஆமையாக நகர ஆரம்பிக்கும். சில நேரம் பட்டென்று அணைந்துவிடும். சொன்ன நாளில் வீடியோ கைக்கு வராது. பெண் வீட்டார் கடை வாசலில் வந்து நிற்பார்கள்.

உடனே யாராவது ஒரு யோசனை சொல்லுகிறார்கள். "இன்னொரு விசிறி மாட்டப்பா! எல்லாம் சரியாகிவிடும்!"

யோசனை தவறு அல்ல. ஆனால், அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பலர் அதையே முதலில் செய்கிறார்கள். காசு கரைகிறது. சூடு குறைவதில்லை.

மூளையின் சூடு

கம்ப்யூட்டருக்கு மூளை, "பிராசஸர்" என்ற சில்லு. ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும். கடுமையான வேலை கொடுத்தால் 100 வாட் மின்சாரத்தைக்கூட இழுக்கும். அவ்வளவும் சூடாக மாறும். பழைய குண்டு பல்பில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு 100 வாட் சூடு எப்படி என்று சொல்ல வேண்டியது இல்லை.

அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள, சில்லின் தலையில் ஓர் உலோகக் கூண்டு உட்கார்ந்திருக்கிறது. செம்புக் குழாய்களும், அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளும் கொண்டது. அதன் மேல் காற்றை ஊதத்தான் விசிறி. சூடு 95, 100 டிகிரியை நெருங்கினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசிறி குளிரை உண்டாக்குவது இல்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் தள்ளுகிறது. மார்கழியில் அறை 25 டிகிரி, சில்லு 70 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் அறை 38 டிகிரி ஆகிறது. அதே வேலைக்குச் சில்லு 83 டிகிரிக்குப் போய்விடும். விசிறி என்ன செய்யும், பாவம்!

சரி, இரண்டாவது விசிறி எவ்வளவு குறைக்கும்? பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று டிகிரி. அவ்வளவுதான்! முதல் விசிறி தள்ளிய அதே காற்றைத்தான் இரண்டாவது விசிறி பின்னால் இருந்து இழுக்கிறது. ஆகவே, காற்று இரண்டு மடங்கு ஆவது இல்லை. நெருக்கமான தகடுகளுக்கு நடுவே திணறும் காற்றுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும்.

சம்பந்திச் சண்டை

அந்த மூன்று டிகிரியையும் கெடுத்துக்கொள்ளுகிறவர்கள் உண்டு. எப்படி? விசிறியைத் திருப்பி மாட்டுவதால்தான்!

விசிறிக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. முகம் திறந்திருக்கும். முதுகில் மோட்டாரைத் தாங்கும் கால்கள் தெரியும். காற்று முகத்தின் வழியே நுழைந்து, முதுகின் வழியே வெளியேறும். சில விசிறிகளின் ஓரத்தில் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள்.

இரண்டு விசிறிகளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று தள்ள, மற்றது இழுக்க. அழகாக இருக்கிறதே என்று இரண்டு முகத்தையும் வெளியே பார்க்க மாட்டினால், இரண்டு காற்றும் நடுவில் மோதிக்கொள்ளும். பந்தியில் சம்பந்திகள் முட்டிக்கொண்ட மாதிரி, காரியம் அங்கேயே நின்றுவிடும்.

பழைய வீடுகளில் முன்வாசலுக்கு நேரே கொல்லை வாசல் வைத்தார்கள். காற்று உள்ளே வந்து வெளியே போயிற்று. கம்ப்யூட்டர் பெட்டிக்கும் அதே கணக்குதான். முன்பக்கம் நுழைந்த காற்று, பின்பக்கம் போக வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, உள்ளே எத்தனை விசிறி மாட்டினாலும் பயன் இல்லை.

முதல் எதிரி தூசி. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜன வெள்ளம். வண்டிப் புழுதி கடைக்குள் வராமல் இருக்குமா? சிலர் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, மேஜை விசிறியைத் திருப்பி வைக்கிறார்கள். அன்றைக்குச் சூடு குறையும். ஆனால், புழுதியும் நேராக உள்ளே போகிறதே! தகடுகளுக்கு நடுவே பஞ்சு போல் அடைத்துக்கொள்ளும்.

மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். சில்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால், துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். இதற்கு ஆகும் செலவு சொற்பம். சூடும் பெரும்பாலும் இதிலேயே அடங்கும்.

அப்படியானால் இரண்டாவது விசிறி வீண் செலவா? விடியவிடிய வீடியோ வேலை நடக்கும் கடைக்கு வீண் அல்ல. இரண்டும் மெதுவாகச் சுற்றினால் இரைச்சல் குறையும். நடுராத்திரியில் ஒன்று நின்றுபோனாலும், மற்றது வேலையைக் காப்பாற்றும். பாடம் படிக்கவும், கணக்கு எழுதவும் வைத்திருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை. பிராசஸருடன் கூடவே வரும் சிறிய விசிறியில் இன்னொன்றை மாட்ட இடமும் கிடையாது. உயரமான கூண்டு இருந்தால்தான் கம்பிக் கொக்கியால் மாட்ட முடியும்.

மாட்டியாகிவிட்டதா? பெட்டியை மூடி, கம்ப்யூட்டரை ஓடவிடுங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, முன்பக்கத் துளைகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு நிமிடம் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். பிறகு பின்பக்கம் பிடியுங்கள். அங்கே புகை பெட்டியை விட்டு விலகி ஓட வேண்டும். உங்கள் முகத்துக்கு நேராகத் திரும்பி வந்தால், முன்பக்கம்! உள்ளே போனால், பின்பக்கம்! எங்கேயோ ஒரு விசிறி திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். திருகாணியைக் கழற்றுங்கள்.