பிறந்தது யார்?

1966இல் தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் ரசிகர்களுக்கு மார்ச் மாதம் திருவிழாக் காலம். 22ஆம் தேதி வில்லியம் ஷாட்னரின் பிறந்தநாள். 26ஆம் தேதி லெனார்ட் நிமாயின் பிறந்தநாள். இருவரும் 1931இல் பிறந்தவர்கள். கேப்டன் கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் வாழ்த்துகள் குவியும். நடுவே 25 என்றொரு தேதி இருக்கிறது. ஸ்பாக்கின் பெற்றோரை 1967இல் எழுதித் திரைக்குக் கொண்டுவந்த டோரதி ஃபோன்டானா பிறந்த நாள் அது. அவருக்கு எத்தனை வாழ்த்துகள்?

எழுதியவரை மறந்தால் பாத்திரம் நடிகரின் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. நிமாய் 1975இல் 'நான் ஸ்பாக் அல்ல' என்று தன் நூலுக்குப் பெயர் வைத்தார். 1995இல் 'நான் ஸ்பாக்' என்று இன்னொரு நூல் எழுதினார். அங்கே விஷயம் இரண்டு புத்தகத் தலைப்புகளோடு முடிந்தது. நம் ஊரில் அது வாக்குப்பெட்டி வரை போனது.

1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதி எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்தது; அவ்வாண்டே அவர் முதல்வரானார். வானம் பார்த்த கரிசல்காட்டுச் சம்சாரி வாக்களித்தது வேட்பாளருக்கு மட்டும்தானா? செல்வரிடம் பறித்து எளியோருக்குக் கொடுத்த மலைக்கள்ளனுக்கும் சேர்த்தே அல்லவா? 1954இல் படமான அந்தக் கதை நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நாவல். வசனம் எழுதியவர், 1977 தேர்தலில் எம்.ஜி.ஆரிடம் தோற்ற தி.மு.க.வின் தலைவர் மு. கருணாநிதி! ஜனவரி 17 யாருடைய பிறந்தநாள் என்று எந்தத் தேநீர்க்கடையிலும் சொல்வார்கள். அக்டோபர் 19, 1888 பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ரசிகனை ஏளனம் செய்வது என் நோக்கமல்ல. எழுத்துக்கு உயிரும் முகமும் கொடுத்தவனைக் கொண்டாடுவதில் நியாயம் உண்டு. என் சண்டை, "நடிகர் பிறந்தநாள் வெகுஜன விவகாரம், இலக்கியவாசிக்கு அதில் என்ன வேலை?" என்று ஒதுங்கிக்கொள்ளும் நண்பர்களோடுதான். அந்தச் சுவரொட்டியில் அழிக்கப்பட்டிருப்பது ஓர் எழுத்தாளனின் பெயர். அது நம் விவகாரம் இல்லையென்றால் வேறு எது?

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30இல் பிறந்தவர் ரமணர். 1912இல் அன்பர்கள் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட முனைந்தபோது, பிறந்தது யார் என்று முதலில் விசாரிக்கச் சொன்னார். அவர் கேட்டது ஆன்ம விசாரம். மலைக்கள்ளன் விஷயத்திலும் அதே கேள்வியைக் கேட்கலாம். இதற்கு விடை காணத் தவம் வேண்டியதில்லை, நாவலின் முதல் பக்கத்தைப் புரட்டினால் போதும். வரும் அக்டோபர் 19 அன்று நம் வாசகர் வட்டங்கள் அதைச் செய்யட்டும்.