நடிகர்களே, மூன்றாம் மாதம் வாருங்கள்

புயல் கரையைக் கடந்த மறுநாளே தொலைக்காட்சியில் ஒரு பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். இந்த நடிகர் 50 லட்சம், அந்த நடிகர் 25 லட்சம், இன்னார் இன்னும் வாய் திறக்கவில்லை. மொய் விருந்துக்குப் பேர்போன பேராவூரணிப் பக்கத்துக்காரி நான். யார் எவ்வளவு எழுதினார் என்று எட்டிப் பார்க்கும் ஆசை எங்களுக்கும் உண்டு. ஆனால் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டியலைப் பார்த்து எந்த நடிகரையும் எடைபோட முடியாது.

பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் போகும் காசோலை சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்யும். பணத்தைவிட அரிதான ஒன்று நடிகர்களிடம் இருக்கிறது என்பதுதான் என் பேச்சு. ஒரு நடிகர் ஒரு வார்த்தை சொன்னால் ஓடிவர ஊருக்குப் பத்துப் பையன்களாவது இருக்கிறார்கள். எந்தச் சந்தில் எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள், மழை பெய்தால் எந்த வண்டிப்பாதை அறுந்துபோகும் என்பதெல்லாம் அந்தப் பையன்களுக்கு அத்துப்படி. கலெக்டர் ஆபீசில் இருக்கும் எந்தக் கோப்பிலும் இது இல்லை.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் எங்கள் தென்னையை முறித்துப் போட்டுவிட்டுப் போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. வாடகை ஜெனரேட்டர் ஊர் ஊராகப் போய்த் தொட்டியை நிரப்ப வேண்டியிருந்தது. இரண்டாம் நாளிலிருந்து வெளிமாவட்ட லாரிகள் வந்தன. அந்த மனிதர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் லாரி மெயின் ரோட்டில்தானே வரும்? ரோட்டோரத்து ஊர்களில் ஒரே வீட்டில் நாலு போர்வை, பத்து ரொட்டிப் பாக்கெட். உள்ளே தள்ளி இருந்த குடியிருப்புகளில் ஒரு மெழுகுவத்தி கிடையாது. தார்ப்பாய்க்கு அடித்துக்கொண்ட நேரத்தில் மூட்டை மூட்டையாகப் பழந்துணி இறங்கியது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் குவிந்து கிடந்த பழந்துணியைப் பார்த்த மாவட்டங்கள் இவை. பதினாலு வருடம் கழித்தும் அதே மூட்டைதான்.

“பழந்துணி அனுப்பாதீர்கள், தார்ப்பாய் அனுப்புங்கள், மெயின் ரோட்டில் இறக்காதீர்கள்.” ஒரு பெரிய நடிகர் அரை நிமிட வீடியோவில் இதைச் சொல்லியிருந்தால் அது எத்தனை லட்சத்துக்குச் சமம்? நாங்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ‘வி.ஏ.ஓ. அம்மா பதுக்கப் பார்க்குது’ என்பார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சித்தார்த்தும் ஆர்.ஜே. பாலாஜியும் இந்த வேலையைத்தான் கையில் எடுத்தார்கள். யாருக்கு என்ன வேண்டும், யாரிடம் என்ன இருக்கிறது என்பதைச் சமூக ஊடகத்தில் கோத்துக் கொடுத்தார்கள். சென்னையோடு நிற்காமல் கடலூரையும் நினைவில் வைத்திருந்தார்கள். இருவரும் அன்றைக்கு உச்ச நட்சத்திரங்கள் அல்ல. அதனாலேயே கூட்டம் மொய்க்காமல் தெருவில் இறங்கி வேலை செய்ய முடிந்தது என்று நினைக்கிறேன். 2018 கேரள வெள்ளத்தில் முகாமுக்கு மூட்டை தூக்கிய டொவினோ தாமஸையும் இந்த வரிசையில் சேர்ப்பேன்.

பெரிய நட்சத்திரத்தின் பாடு வேறு. விஜய் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்துக்கு மக்களை வரவழைத்துத் தன் கையால் நிவாரணப் பொருட்களைக் கொடுத்தார். தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. நான் கேட்க மாட்டேன். 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகர்ப் பள்ளியில் வெள்ள நிவாரண டோக்கனுக்காக விடியுமுன் கூடிய நெரிசலில் 42 பேர் செத்தார்கள். அங்கே எந்த நடிகரும் இல்லை, வெறும் டோக்கன்தான். நட்சத்திரமும் வந்தால் என்ன ஆகும் என்பதை 2025 செப்டம்பரில் கரூரில் விஜய் கூட்டத்து நெரிசல் நடந்த பிறகு விளக்க வேண்டியதில்லை. மண்டபமே மேல். ஆனால் மண்டபத்தில் கொடுப்பது யாராக இருந்தாலும் ஒரு குறை தீராது. மண்டபம்வரை வர முடிந்தவர்தான் அங்கே வாங்குவார். படுக்கையில் கிடப்பவர் வர மாட்டார், இடிந்த வீட்டில் கிடக்கும் சாமானை விட்டுவிட்டுப் பெண்கள் கிளம்ப மாட்டார்கள். அந்த வீடுகளுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக ரசிகர் மன்றத்துப் பையன்களால்தான் முடியும்.

அந்த 2023 டிசம்பரே இன்னொன்றையும் காட்டியது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். சென்னை காரப்பாக்கத்தில் வெள்ளத்தில் மாட்டிய விஷ்ணு விஷாலையும் ஆமிர் கானையும் படகில் மீட்ட படத்தை நாடே பார்த்தது. இரண்டு வாரம் கழித்துத் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கியவர்கள் சுமார் 800 பேர். தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றில் போன் டவரே வேலை செய்யவில்லை. படம் எடுத்தாலும் அனுப்ப வழியில்லை. கேமராவுக்குத் தெரிந்த ஊருக்கும் தெரியாத ஊருக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க, சினிமாக்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

இனி என் மனதில் ரொம்ப நாளாகக் கிடக்கும் கணக்குக்கு வருகிறேன். கஜாவில் சாய்ந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. நாங்கள் தோப்புத் தோப்பாக ஏறி இறங்கி மரம் எண்ணினோம், அடங்கலில் எழுதினோம். மரம் யாருடையதோ அவருக்குப் பணம். சரி. அந்த மரத்தில் ஏறிக் காய் பறித்தவருக்கு? மட்டை உரித்தவருக்கு? ஓலையை ஊறப்போட்டுக் கீற்று முடைந்து வயிறு கழுவிய பெண்களுக்கு? மரக்கணக்கில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லையே! இது எந்த அதிகாரியின் கெட்ட எண்ணமும் அல்ல. பட்டாவைப் பார்த்துக் கொடுக்கும் நிவாரணம் எப்போதும் இப்படித்தான் முடியும். நெட்டைத் தென்னையை மறுபடி நட்டால் காய்க்க ஆறேழு வருடம். அத்தனை வருடமும் கீற்று முடைபவள் என்ன செய்வாள் என்று எந்தத் தொலைக்காட்சியும் வந்து கேட்கவில்லை.

நடிகரின் பணம் போக வேண்டிய இடம் அதுதான். அரசாங்கம் விதியை மீற முடியாது, தனி மனிதரால் முடியும். ஆனால் அதற்கு முதல் வாரக் கூட்டம் கலைந்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். ரஜினி மக்கள் மன்றத்தார் நாகை மாவட்டத்தில் வீடிழந்த 10 குடும்பங்களுக்கு வீடு கட்டி முடித்துச் சாவி கொடுத்தது 2019 அக்டோபரில். பத்து என்பது சின்ன எண் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் மறந்துபோன பதினோராம் மாதத்தில் நிலைக்கதவோடு நிற்கிற பத்து வீடு எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. அதற்கு முன்பே மன்றத்துப் பையன்கள் ஒரு மாலை உட்கார்ந்து, ஊரில் யாரிடம் ஜெனரேட்டர், யாரிடம் படகு, மரம் அறுக்கும் மிஷின் எந்தக் கடையில், யார் வீட்டில் நடக்க முடியாதவர் என்று எழுதி வி.ஏ.ஓ. கையில் கொடுத்துவிடலாம். எழுதச் சொல்லி அவர்களுடைய தலைவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அடுத்த பட போஸ்டருக்குப் பசை காய்ச்சும் நேரம்கூட ஆகாது.