துப்பாக்கி உரிமை: ஹிட்லரை நினைப்பவர்கள் கோல்ஃபாக்ஸை மறப்பது ஏன்?

அமெரிக்காவில் பள்ளியிலோ பேரங்காடியிலோ துப்பாக்கிச்சூடு நடந்தால், அடுத்து என்ன நடக்கும் என்பதை மலேசிய வாசகர்களும் இப்போது மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு தரப்பு கட்டுப்பாடு கேட்கும். மறு தரப்பு 1791-இல் அரசியலமைப்பில் சேர்ந்த இரண்டாவது திருத்தத்தை நீட்டிக் காட்டும். வாதம் சூடுபிடித்ததும் யாராவது ஒருவர் ஹிட்லரை இழுத்து வருவார். யூதர்களின் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்தப் படுகொலை நடந்திருக்காது என்பார்.

2015-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த டாக்டர் பென் கார்சன் தொலைக்காட்சியிலேயே இப்படிச் சொன்னார். மக்களிடம் ஆயுதம் இருந்திருந்தால் ஹிட்லரின் நோக்கம் நிறைவேறும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் என்பது அவர் கருத்து. யூதர்களுக்கு எதிரான வெறுப்பை எதிர்த்துப் போராடும் அமெரிக்க அமைப்பே இதை வரலாற்றுப் பிழை என்று மறுத்தது.

மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் தரும் லைசென்ஸ் இல்லாமல் ஒரு வேட்டைத் துப்பாக்கிகூட வைத்திருக்க முடியாது. அப்படிப் பழகியவர்களுக்கு இந்த வாதம் விநோதமாகப் படலாம். ஆனால் அதன் அடியில் கிடக்கும் கேள்வி சிறுபான்மையாக வாழும் எந்தச் சமூகத்துக்கும் புதியதல்ல. அரசே எதிரியாக மாறினால் யார் காப்பாற்றுவார்?

முதலில் ஜெர்மனியில் நடந்ததைப் பார்ப்போம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்ற சட்டம் 1928-இல் வந்தது. அப்போது ஹிட்லர் ஆட்சியில் இல்லை. 1938 மார்ச்சில் நாஜி அரசு கொண்டுவந்த புதிய சட்டம், பலர் நினைப்பதுபோல் எல்லாரிடமிருந்தும் துப்பாக்கியைப் பிடுங்கவில்லை. நீளத் துப்பாக்கிகளுக்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. வயது வரம்பை 20-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. கட்சிக்காரர்களுக்குச் சலுகை தந்தது. யூதர்கள் ஆயுதம் செய்வதையும் விற்பதையும் மட்டும் தடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 9, 10-இல் யூதர்களின் கடைகளும் வழிபாட்டுத் தலங்களும் நொறுக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். நவம்பர் 11-இல் வந்த ஆணை, யூதர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, குத்தும் ஆயுதமோ தடியோகூட வைத்திருக்கக் கூடாது என்றது.

ஆக, நம்பகமானவன் என்று அரசு கருதியவனுக்கு ஆயுதம் எளிதானது. குறிவைக்கப்பட்டவனிடமிருந்து அது பறிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1935-இல், அவனுடைய குடியுரிமை போய்விட்டிருந்தது. வேலையும் வியாபாரமும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. துப்பாக்கி கடைசியாகப் போனவற்றில் ஒன்று.

மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ஜெர்மன் யூதர்கள் கைத்துப்பாக்கிகளோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போலந்து இராணுவமே 1939-இல் ஐந்து வாரங்களில் வீழ்ந்தது. 1943 ஏப்ரலில் வார்சா நகரின் அடைப்புப் பகுதியில் சில நூறு யூத இளைஞர்கள் கிடைத்த ஆயுதங்களோடு எழுந்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். அந்த வீரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனாலும் அங்கிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், அல்லது முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

துப்பாக்கி உரிமைக்காரர்களின் பேச்சில் ஒரு நியாயமும் உண்டு. நல்ல எண்ணத்தில் எடுத்த லைசென்ஸ் பதிவேடு, ஆட்சி மாறினால் வேட்டைக்கான பட்டியலாகிவிடும் என்கிறார்கள். ஜெர்மனியில் முந்தைய குடியரசு வைத்திருந்த பதிவுகள் நாஜிகளின் கைக்குப் போனது உண்மை. அமெரிக்க மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர்களின் நாடு தழுவிய பதிவேட்டை வைக்கக் கூடாது என்று 1986-இல் சட்டம் செய்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். ஆனால் வராத கொடுங்கோலனுக்காக வீட்டில் வைத்த துப்பாக்கி வேறு வேலைக்குப் பயன்படுகிறது என்பதும் உண்மை. 2021-இல் மட்டும் அங்கே துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள்.

ஆயுதம் பறிக்கப்பட்ட சிறுபான்மையைப் பார்க்க அமெரிக்கர்கள் பெர்லின்வரை போக வேண்டியதே இல்லை. அடிமை முறை ஒழிந்த 1865-ஆம் ஆண்டிலேயே, கறுப்பினத்தவர் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது.

1873-இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரில் நடந்தது அதைவிட முக்கியமானது. தேர்தல் தகராறைத் தொடர்ந்து கறுப்பினத்தவர் அங்கிருந்த நீதிமன்றக் கட்டடத்தைக் காவல் காத்தார்கள். அவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று வெள்ளையர் கும்பல் ஒரு சிறு பீரங்கியோடு வந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்த பிறகும் பலரைச் சுட்டுக் கொன்றது. இறந்த கறுப்பினத்தவர் 60 முதல் 150 வரை என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. வெள்ளையர் தரப்பில் இறந்தவர்கள் மூவர். கடைசியில் மூன்று பேருக்கு மட்டும் தண்டனை கிடைத்தது. அதையும் 1876-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இரண்டாவது திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியார் கும்பலிடமிருந்து காப்பது அதன் வேலையல்ல என்றது தீர்ப்பு.

துப்பாக்கி இருந்தது, சட்டம் இல்லை. அதனால்தான் கோல்ஃபாக்ஸ் இரு தரப்புக்கும் சங்கடமான ஊர். கொன்றவர்களின் பக்கம் நின்று எழுதிய நினைவுப் பலகை ஒன்று 1950-இல் அங்கே நாட்டப்பட்டு, 2021-இல்தான் அகற்றப்பட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. 1956-இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி அனுமதி கேட்டார். அலபாமா அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். 1967 மே மாதம் 'பிளாக் பாந்தர்' இளைஞர்கள் துப்பாக்கிகளோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் போனார்கள். பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் மளமளவென்று நிறைவேறியது. அதில் கையெழுத்திட்டவர் ஆளுநர் ரானல்ட் ரீகன். ஆதரித்தது தேசிய ரைபிள் சங்கம். இன்று எந்தக் கட்டுப்பாட்டையும் எதிர்க்கும் அதே சங்கம்தான்.

துப்பாக்கி செய்யும் நிறுவனங்களின் கொள்கை எந்தப் பக்கம்? ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அனுபவம் பலருக்குப் பாடமானது. 2000 மார்ச்சில் அது கிளின்டன் அரசோடு உடன்பாடு செய்தது. பாதுகாப்புப் பூட்டு, விற்பனையில் கூடுதல் சோதனை போன்றவற்றை ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளர்கள் துரோகி என்று சொல்லிப் புறக்கணித்தார்கள். 1987-இல் ஏறக்குறைய 11 கோடி டாலருக்கு வாங்கிய பிரிட்டிஷ் உரிமையாளர், 2001-இல் 1.5 கோடி டாலர் ரொக்கத்துக்கும் ஒரு பங்கு கடன் பொறுப்புக்கும் கைகழுவினார்.

டென்னசி மாநிலத்தின் ரானி பேரட் எதிர்த்திசையில் போனார். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயும் அவருடைய கனரகத் துப்பாக்கியைப் பொதுமக்களுக்குத் தடை செய்யும் பேச்சு லாஸ் ஏஞ்சல்ஸில் எழுந்தபோது, அந்நகரப் போலீசின் துப்பாக்கியைப் பழுது பார்க்க மறுத்தார். குடிமகனுக்கு இல்லாதது அரசு ஆளுக்கும் இல்லை என்பது அவர் கணக்கு. 2004-இல் கலிபோர்னியா அதைத் தடை செய்த பிறகும் அவர் மாறவில்லை. 2013-இல் நியூயார்க் கடும் சட்டம் கொண்டுவந்தபோது சில சிறு நிறுவனங்கள் அவர் வழியில் நின்றன. கிளாக் போன்ற பெரிய நிறுவனங்களோ நியூயார்க் போலீசுக்கு விற்பதை நிறுத்தவில்லை. நட்டம் வந்தாலும் சரி என்று நின்றவர்களின் நேர்மையை மதிக்கலாம். ஆனால் குடிமகன் என்ற அந்தச் சொல்லுக்குள் யாரெல்லாம் வருகிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நீதிமன்றம் இப்போது அதை ஓரளவு ஒப்புக்கொண்டுவிட்டது. சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முன்னே நின்றவர் ஓட்டிஸ் மெக்டோனல்ட் என்ற கறுப்பின முதியவர். 2010-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விடுதலையான அடிமைகளிடமிருந்து ஆயுதம் பறிக்கப்பட்ட வரலாற்றையே ஆதாரமாக எடுத்துக்காட்டியது.

ஆறு ஆண்டுகள் கழித்து, மினசோட்டாவில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. ஓட்டி வந்த பிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பினத்தவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவராகவே முன்வந்து அதிகாரியிடம் சொன்னார். அவரிடம் முறையான லைசென்ஸ் இருந்தது. சில நொடிகளில் அதிகாரி அவரைச் சுட்டார். மறு ஆண்டு நடுவர் மன்றம் அந்த அதிகாரியை விடுவித்தது. துப்பாக்கி வைத்திருப்போரின் உரிமைக்காகவே இருக்கும் தேசிய ரைபிள் சங்கம், அவர் சுடப்பட்டு இரண்டு நாள் கழித்து ஓர் அறிக்கை விட்டிருந்தது. அதில் காஸ்டீலின் பெயர் இல்லை.